வெள்ளை இடத்தில் இரண்டு கிளிக்

தேதியைத் தேர்ந்தெடுத்ததும் அக்கா மவுஸை நேராக 'முன்பதிவு செய்' பொத்தானுக்குக் கொண்டுபோக மாட்டார். பக்கத்தின் வலது ஓரத்தில், எழுத்தோ படமோ இல்லாத வெள்ளை இடத்தில் இரண்டு முறை தட்டுவார். டக், டக். பிறகு முழங்கையைச் சொறிந்துகொள்வார். அதற்கப்புறம்தான் பொத்தான்.

எங்கள் நிறுவனம் ஒரு பல் மருத்துவமனையின் இணையதளத்தைப் பராமரிக்கிறது. தினமும் காலை ஒன்பது பத்துக்கு அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது அக்காவின் வேலை. இல்லாத நோயாளி ஒருவருக்கு, இல்லாத பல்வலிக்காக நேரம் வாங்குவார். உடனே ரத்தும் செய்வார். பதினோரு வருடமாக ஒரே நோயாளி. அதனால் அக்காவுக்குப் 'பல்லக்கா' என்று பெயர்.

"இன்னைக்கு ஐயாவுக்கு எந்தப் பல்லுக்கா?" என்று யாராவது சீண்டினால், "கீழ்க் கடைவாய். பாவம், தூங்கவே இல்லையாம்" என்பார் முகம் மாறாமல்.

பிரவுசரை ஆளில்லாமல் ஓட்டும் கருவி ஒன்று வந்தது. நாம் செய்வதை ஒருமுறை பார்த்துப் பதிந்துகொண்டால், பிறகு அதுவே செய்யும். மேலாளர் அதை என்னிடம் ஒப்படைத்தார்.

"ஒரு வாரம் ஒழுங்கா ஓடிச்சுன்னா அந்த நாற்காலி தேவையில்ல" என்றார். அந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

அக்கா செய்து காட்டினார். பெயர், போன் நம்பர், தேதி, வெள்ளை இடத்தில் இரண்டு கிளிக் என்று கருவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டது. முழங்கை மட்டும் தப்பித்தது. அந்த இரண்டு கிளிக்கும் எனக்கு வெட்டி வேலையாகத் தெரிந்தன. எதற்கென்று கேட்கக் கூச்சம். அழித்துவிட்டேன்.

திங்கட்கிழமை கட்டங்கள் பேய் பிடித்தாற்போல் தாமாக நிரம்பின. நாலே விநாடி. 'நன்றி' என்று ஒரு பக்கம், பச்சை டிக். செவ்வாயும் பச்சை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

புதன்கிழமை அவரே என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, ஐயா மூணு நாளா வலியில துடிக்கிறாரு. ஒருத்தரும் கவனிக்கல."

"பச்சை விழுதேக்கா."

"பச்சை விழுந்தா பல்லு சரியாயிடுமா? ஆஸ்பத்திரிப் பட்டியலத் திறந்து பாரு."

திறந்தேன். மூன்று நாளும் ஐயா பெயர் இல்லை, ரத்தானவர்கள் வரிசையில்கூட. 'நன்றி' என்ற சொல்லைக் கண்டதுமே என் கருவி பூரித்துப் போயிருந்தது. உண்மையில் முதல் கிளிக்கில்தான் நாட்காட்டி மூடும். இரண்டாவதில்தான் தேதி பதியும். இல்லாவிட்டால் தளம் நன்றி சொல்லிவிட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். வலியில் இருக்கும் நிஜ மனிதர்கள் பதற்றத்தில் நாலு இடத்தில் தட்டிவிடுவதால் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

"கவிதைப் புத்தகமும் கையுமா திரியிற ஆளு நீ. வெத்து இடத்தோட அருமை உனக்கே தெரியலன்னா எப்படி?" என்றார் அக்கா.

நாற்காலி தப்பியது, கருவியும் அக்காவின் பொறுப்புக்கே போனது. காலை எட்டு மணிக்கு அது தானாக ஓடட்டும் என்றார் மேலாளர். அக்கா மசியவில்லை.

"நான் வந்து உக்காந்து, நானே ஓட விட்டாத்தான் ஓடணும் சார்."

"அப்புறம் எதுக்கும்மா அந்தக் கருவி?"

"அது வேலை செய்யட்டும். நான் முழங்கையச் சொறியணும்ல?"

எல்லோரும் சிரித்தோம். பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். உதவிக்குக் கத்தவும் கூச்சம். அரைமணி நேரம் கழித்துக் கதவை நெம்பித் திறந்த மெக்கானிக், என் கழுத்து அட்டையில் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"என் பல்வலிய நிறுத்துன தம்பி நீங்கதானா? நான் பல்லக்கா வீட்டுக்காரன்."

"எந்தப் பல்வலி?" என்றேன்.

"அந்த ஐயாவோட போன் நம்பர் என்னுதுதான் தம்பி. தினம் ஒன்பது பத்துக்கு பல் டாக்டர் மெசேஜ் வந்தா, அவ நல்லபடியா ஆபீஸ் போய்ச் சேந்துட்டான்னு அர்த்தம். அந்தத் திங்கக்கிழமை வரல. பதறிப்போய் நான்தான் அவளுக்கு போன் போட்டேன்."