டோர்வலினாவின் பயற்றுக் குழம்பு

பிராசிகாபா நகரத்து ஓரத்தில் இருந்த தன் வீட்டு வாசலில் வந்து நின்ற பெண்ணை, டோர்வலினா கம்பிக் கதவைத் திறக்காமலே விசாரித்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறாளாம், பெயர் டைனாவாம். நேற்று முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு போக வேண்டுமாம்.

"நான் தின்னதத் தெரிஞ்சு உனக்கென்ன ஆகணும்?"

"ஆராய்ச்சிக்குங்கம்மா. பேரு வெளிய வராது."

டோர்வலினா நம்பவில்லை. மாதாகோவிலின் சனிக்கிழமை விருந்துக்கு அவள் வைக்கும் பயற்றுக் குழம்பில் என்ன சேர்க்கிறாள் என்று எதிர்வீட்டு நெய்டே ஆறு வருஷமாகத் துருவிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணை ஏவிவிட்டதே அவளாக இருக்கலாம். அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டாள்.

"சோறு, பயறு, கீரை. வேற ஒண்ணுமில்ல."

"பயறுக் குழம்புல என்னென்ன போட்டீங்க?"

"பூண்டு, வெங்காயம், பிரிஞ்சி இலை."

"பாக்கெட் மசாலா?"

"அத ஏன் கேக்குற?"

"மிகையாப் பதப்படுத்தின உணவு எவ்வளவு உள்ள போகுதுன்னு பாக்குறோம்மா. தக்காளிய உப்புப் போட்டு டப்பால அடைச்சா அது வெறுமனே பதப்படுத்தினது. இது வேற. சுவைகூட்டி, நிறமின்னு உங்க அடுப்படியில இருக்கவே இருக்காத சாமான் பாக்கெட் பின்னாடி எழுதியிருந்தா, அதான் இது."

"விஷமா?"

"அப்படிச் சொல்லலீங்க. தினமும் அதுவே சாப்பாடாயிட்டா உடம்புக்கு ஆகாது."

"எங்க வீட்டுல கிடையாது."

டைனா எழுதிக்கொண்டு கிளம்பினாள். டோர்வலினா மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருந்த பாக்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முதலில் உப்பு. பிறகு வாயில் நுழையாத பெயர்கள். பூண்டு ஒன்பதாவதாக வந்தது. முன்பக்கத்தில் பெரிய படமாக இருந்ததும் அதே பூண்டுதான்.

தெருமுனை வரை நடந்து போய் டைனாவை நிறுத்தினாள்.

"அத அடிச்சிட்டு எழுது. குழம்புக்கு ஒரு பாக்கெட்."

"ஒண்ணுதானாம்மா?"

"மூணு. கோவிலுக்கு எட்டு. பேரு போட்டியோ, தொலைச்சிடுவேன்."

அடுத்த சனிக்கிழமை பாக்கெட்டே இல்லாமல், பூண்டை அள்ளிப் போட்டுக் குழம்பு வைத்தாள். எல்லோரும் வழக்கம்போலப் புகழ்ந்தார்கள். ஒருவர்கூட மாற்றத்தைச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் இவர்கள் உண்மையில் ருசித்துத்தான் சாப்பிட்டார்களா என்று அவளுக்கு அப்போது சந்தேகம் வந்தது.