பெரிய மணி அடிக்காத பன்னிரண்டு மணி

1. உடைந்த கண்ணாடி

அன்று காலை மணிக்கூண்டில் ஏறியதும், விரிசல்மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு நடுவில் உடைந்திருப்பதைப் பார்த்தேன்.

மைசூரில் ராஜா காலத்துக் கட்டடம் ஒன்றில் நான் கான்ட்ராக்ட் ஆள். மணிக்கூண்டுக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, கிரீஸ் போடுவது, புறா எச்சம் கூட்டுவது என் வேலை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆட்களோடு பேசக் கூச்சம். மேலே பேச யாரும் இல்லை என்பதாலேயே இந்த வேலை பிடித்தது.

சின்ன மணி நாலு, பெரிய மணி ஒன்று. கப்பலில் வந்து, ரயிலில் வந்து, வடம் கட்டி மேலே ஏற்றியவை என்பார்கள். கால் மணிக்குச் சின்ன மணிகள் ஒரு வரி பாடும். அரைக்கு இரண்டு வரி, முக்காலுக்கு மூன்று. முழு மணிக்கு நாலு வரி பாடி, கொஞ்சம் மூச்சு விட்டதுபோல நிற்கும். அதற்குப் பிறகுதான் பெரிய மணி.

பெரிய மணியின் உத்தரம் சுவரில் இறங்கும் இடத்தில் விரிசல். மழைக்காலத்தில் வந்த இன்ஜினியர் மேடம் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடியை வைத்துப் பூசிவிட்டு, கன்னடத்தில் சொன்னார்: இது உடைந்தால் சுவர் நகர்கிறது என்று அர்த்தம், உடனே எனக்குச் சொல்லணும். பெரிய மணியை அடிக்கும் சுத்தியலில் தோல் கட்டச் சொன்னதும் அவர்தான். தோல் இருந்தால் அடி மெதுவாக விழும்.

தசரா நெருங்கியதும் மேலிடத்திலிருந்து பெரியவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. மணி கணீரென்று கேட்க வேண்டும், தோலை அவிழ் என்றார்கள். முந்தின நாள் சாயங்காலம் அவிழ்த்தேன். விடிந்தால் கண்ணாடி இப்படி.

2. ஆமேல

சூப்பர்வைசர் குமாரண்ணன் மைசூரிலேயே பிறந்த தமிழர்; 'அப்புறம்' என்பதைக் கன்னடத்தில் 'ஆமேல' என்றுதான் சொல்வார். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"கண்ணாடிதானப்பா ஒடஞ்சிருக்கு? செவுரு ஒடயலயே?"

"மேடத்துக்கு ஒரு போன் போட்டு..."

"ஏய் மாதேசா, வருஷம் பூரா வாயத் தெறக்காதவன் இன்னிக்கித்தான் தெறக்கணுமா? பன்னெண்டு மணிக்கி எல்லாரும் கீழ உக்காந்து கேக்கப் போறாங்க. மொதல்ல இது முடியட்டும். ஆமேல சொல்லிக்கலாம். கான்ட்ராக்ட் வேணுமா வேணாமா ஒனக்கு?"

வேணும். ஆனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் மேலே போவேன், சுவரில் கை வைப்பேன், ஒவ்வொரு அடிக்கும் அதிர்வது தெரியும், கீழே வருவேன். மணிக்கூண்டின் அடியில், சுவரை ஒட்டிப் பூக்காரிகள் கூடை வைத்திருந்தார்கள். மார்டள்ளி ஊர்ப் பக்கத்து ராணியக்கா செவ்வந்தி கட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, இன்னிக்கி கொஞ்சம் தள்ளி உக்காருங்களே."

"ஏஞ்சாமி? உன்ற மணிக்கு எம்மேல என்ன கோவம்?"

கூடையை நானே கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன். அக்கா சிரித்துவிட்டு நூலை இழுத்தது. சற்றுத் தள்ளிப் பந்தல் போட்டு நாற்காலி அடுக்கினார்கள்.

3. மூச்சு விட்ட இடம்

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் மேலே இருந்தேன். கடிகார முள்ளைத் திருத்தும்போது பெரிய மணி அடித்துவிடாமல் இருக்க, சுத்தியலைத் தூக்கி மாட்ட ஒரு கொக்கி உண்டு. தோல் இல்லாத சுத்தியல். பன்னிரண்டு அடி, ஒரே நேரத்தில் இதைவிட அதிகம் விழாது. சுவர் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்.

சின்ன மணிகள் பாட ஆரம்பித்தன. முதல் வரி முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவது வரியில் சுத்தியலைத் தூக்கிக் கொக்கியை மாட்டினேன். நாலாவதும் முடிந்தது. பெரிய மணி அடிக்கவில்லை. உள்ளே சக்கரம் மட்டும் சுற்றி நின்றது. எட்டிப் பார்த்தேன். கீழே அத்தனை முகங்களும் மேலே பார்த்தபடி இருந்தன.

உடைந்த கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு இறங்கினேன். குமாரண்ணன் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டார்.

"மானம் போச்சுடா! ஏன்டா அடிக்கல?"

அவர் கையை விலக்கிவிட்டுப் பந்தலுக்குப் போனேன். விழாவுக்கு வந்திருந்த இன்ஜினியர் மேடம் இரண்டாவது வரிசையில் இருந்தார். கண்ணாடியை நீட்டினேன்.

"மேடம், ஒடெதோய்த்து" என்றேன். கன்னடத்தில் உடைந்துபோச்சு என்று அர்த்தம்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார், மேலே பார்த்தார், எழுந்தார். "அந்தப் பூக்காரங்கள முதல்ல எழுப்புங்க" என்று கன்னடத்தில் கத்தினார்.

அன்றே சுவரைச் சுற்றித் தடுப்புக் கட்டினார்கள். பழுது பார்க்கும்வரை பெரிய மணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு. பூக்காரிகளுக்குத் தசரா வியாபாரத்தில் பாதி போனது. "கல்லு ஒண்ணும் விழுகலியே சாமி, எம் பொழப்புத்தான் விழுந்துது" என்று ராணியக்கா என் முகத்துக்கு நேராகவே சொன்னது. குமாரண்ணன் இன்னும் வேலை விஷயம் தவிர என்னிடம் எதுவும் பேசுவதில்லை.

சாரம் கட்டிய பிறகு மேடத்திடம் கேட்டேன், அன்று அடித்திருந்தால் விழுந்திருக்குமா என்று. "பத்து வருஷம் நின்றிருக்கலாம், பத்து அடியில் விழுந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்வி இன்னும் என்னைத் தூங்க விடுவதில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மணியை நிறுத்தாமல் சுவர் விழுந்திருந்தால், ஏன் நிறுத்தவில்லை என்று எல்லாரும் உங்களைக் கேட்பார்கள். நிறுத்தி, சுவர் விழாவிட்டால் நீங்கள் செய்தது சரியென்று காட்ட ஒன்றும் இருக்காது. அப்படிக் காட்ட ஒன்றும் இல்லாமல் ஏச்சு மட்டும் வாங்கிக்கொண்டு, மறுநாளும் மேலே ஏறிச் சாவி கொடுக்க வேண்டும்.