ஒரு ஆள் என்று சொன்னேன்

'ஆள்' என்ற சொல் ஆளுதலிலிருந்து வந்தது என்பார்கள் படித்தவர்கள். ஆளுகிறவனா, ஆளப்படுகிறவனா என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். மலாய் நாட்டில் செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக, இருந்த எனக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை. பேரேட்டில் ஒரு கோடு போட்டால் அது ஒரு ஆள். பால்மரம் வெட்டுகிறவன் முழு ஆள். புல் பிடுங்கும் பிள்ளைகளும் வயதானவர்களும் அரை ஆள். மனிதனைப் பாதியாக எழுதுகிறோமே என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சியில் அவசரகாலம் வந்ததும் அந்தச் சொல்லுக்கு இன்னும் மவுசு கூடியது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அரிசி ஆள் கணக்கில்தான் கிடைக்கும். ஒரு பிடி சோறுகூட வேலிக்கு வெளியே போகக்கூடாது, காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம்.

லயத்தில் ஒரு பெண் இருந்தாள். புருஷன் காய்ச்சலில் இறந்து நாலு மாதம் கழித்துப் பிள்ளை பெற்றாள். பிறப்பு இறப்பெல்லாம் அங்கே போலீஸ் ஸ்டேஷனில்தான் பதிவு; செலண்டார் ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போக வேண்டும், அது என் வேலை. பதிந்தால்தான் பிள்ளையின் பேர் அரிசி அட்டையில் ஏறும். மூன்று முறை வந்து கேட்டாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மூன்று முறையும் சொன்னேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை, சோம்பேறித்தனம்தான்.

ஒரு நாள் காலையில் வேலி கேட்டில் போலீஸ் சோதனை. அவள் முந்தானை முடிச்சில் சோறு இருந்தது. பால் கொடுக்கிறவள், மத்தியானம்வரை தாங்காது என்று வேலைக்கு எடுத்துப் போயிருக்கிறாள். பிள்ளை அப்போது, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கொட்டகைத் தொட்டிலில் கிடந்தது. போலீஸ் சார்ஜன் என்னைப் பேரேட்டோடு கூப்பிட்டு, இவளைக் காவலுக்குக் கொண்டுபோகிறோம், இவள் அட்டையில் எத்தனை பேர் என்று மலாயில் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "ஐயா, பிள்ளையையும் சேத்துச் சொல்லுங்கய்யா. பால் குடிக்கிற பிள்ளை."

சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் இன்னும் பதியவில்லை என்ற கேள்வி வரும். தோட்டத்துத் துரை காதுக்குப் போகும். வேலை போய்விடும் என்று பயந்தேன்.

"சத்து ஓராங், துவான்," என்றேன். ஒரு ஆள்தான் என்று அதற்கு அர்த்தம்.

பேரேட்டில் இல்லாத பிள்ளையை அவர்கள் ஏற்றிக்கொள்ளவில்லை. போலீஸ் லோரி அவளை மட்டும் கொண்டுபோனது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரி கஞ்சித் தண்ணியும் டின் பாலும் கரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளைக்குப் பிடித்த வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பன்னிரண்டாம் நாள் பிள்ளை செத்தது. லயத்தில் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கிராணி அல்லவா, என்னை யார் கேட்பார்கள்?

விசாரணை முடிந்து ஒரு மாதத்தில் அவளை விட்டுவிட்டார்கள். நேராக ஆபீசுக்கு வந்தாள். ரவிக்கையின் முன்புறம் காய்ந்த பால் கறை.

"பொறந்ததத்தான் எழுதல. செத்ததயாவது எழுதுங்கய்யா," என்றாள்.

அன்றே சைக்கிளை எடுத்தேன். பிறப்பு பதியாமல் இறப்பைப் பதிய முடியாது என்றார்கள் ஸ்டேஷனில். ஒரே மேசையில், ஒரே பேனாவில், இரண்டையும் அடுத்தடுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.