லாரன்ஸை மட்டும் அனுப்பாதே என்று கேட்ட ஜெபம்

எங்கள் கோயில் பங்கு மக்களே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முழங்காலில் நின்று கண்ணீர் விட்டு ஜெபித்தவன் இல்லை. ஆண்டவரோடு சண்டை போட்டவன். அந்தச் சண்டைக்கும் பதில் வந்தது. அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுத வேண்டும் என்று என் மனைவி சொன்னதால் எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியம். ராயபுரத்துக்காரன். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவுகிற வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் காண்டிராக்ட்டில்தான் இருக்கிறேன். ஊர் ஊராகப் போய்விட்டு வருகிற வண்டிகள் சென்ட்ரலில் ஆட்களை இறக்கிவிட்டு எங்களிடம் வரும். கக்கூஸ் கழுவி, பெட்டி கூட்டி, தண்ணீர் பிடித்துத் திருப்பி அனுப்புவோம். கல்கத்தா வண்டியும் அப்படித்தான். எந்தப் பெட்டியில் எந்தக் குழாய் ஒழுகும் என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் அதில் ஒரு நாளும் உட்கார்ந்து போனதில்லை. வேளாங்கண்ணியைத் தாண்டி நான் எந்த ஊரையும் பார்த்ததில்லை.

என் மகள் ஜெனிட்டா கப்பல் இன்ஜினியர் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பெண் பிள்ளைக்குக் கப்பல் எதற்கு என்று தெருவில் ஆளாளுக்குக் கேட்டார்கள். உங்கள் வீட்டுக் கப்பலா என்று நான் திருப்பிக் கேட்டேன். பரீட்சை எழுதினாள், தேறினாள். மே மாதம் முதல் வாரத்தில் கல்கத்தாவிலிருந்து ஒரு கல்லூரியின் கடிதம் வந்தது. ஜூன் மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அப்பாவோ அம்மாவோ கூட இருக்க, அவள் நேரில் வர வேண்டும். கல்லூரியையும் விடுதியையும் பார்த்துக்கொள்ளலாம். கண் பரிசோதனை உண்டு, சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். அன்று வராவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

ஏழு வாரம் கையில் இருந்தது. என் மனைவி பிலோமினா காசிமேட்டில் இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை செய்கிறவள். கடிதம் வந்த அன்றைக்கே சொன்னாள்.

"யோவ், மொதல்ல டிக்கெட்ட போடு."

"இன்னாடீ டிக்கெட்டு? அது என் வண்டி. ஏறி குந்திக்கினு போவ வேண்டியதுதான்."

யார்டில் வேலை பார்க்கிற எங்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. நாங்கள் கழுவுகிற வண்டி எங்களுடையது என்று நினைப்போம். காண்டிராக்ட் ஆளுக்குப் பாஸும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஆனாலும் கியூவில் நின்று டிக்கெட் எடுக்க ரோஷம் இடம் தராது. வண்டியோடு போகிற ஏசி மெக்கானிக் யாராவது தோஸ்தாக இருப்பான், அவன் பார்த்துக்கொள்வான் என்று ஒரு திமிர். எனக்குச் செல்வம் இருந்தான். "வா மாமு, ரெண்டு பேருதானே, நான் பாத்துக்கறேன்" என்றான். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

ஜெனிட்டா ஒரு நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதினாள். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்த பஸ், கல்லூரிக்கு எவ்வளவு தூரம், மழை வந்தால் என்ன செய்வது. எங்கே தங்குவது என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. எந்த ஊரிலும் ஒரு மாதா கோயில் இருக்கும், நம் பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போனால் படுக்க இடம் தருவார்கள் என்றேன். அவள் நோட்டை மூடினாள்.

கல்கத்தாவைப் பற்றித் தெரிந்த ஆள் எங்கள் குடும்பத்திலேயே ஒருவன் இருந்தான். பிலோமினாவின் அண்ணன் லாரன்ஸ். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. முன்பு ஆறு வருஷம் கல்கத்தா துறைமுகத்தில் இருந்தவன். இந்தியும் பெங்காலியும் தண்ணி பட்ட பாடு. ஆனால் அவனும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கோயில் திருவிழாவில் தேர் தூக்கும்போது முன்பக்கம் வலதுகை மரத்தைத் தோளில் தாங்குகிற இடம் என் அப்பா காலத்திலிருந்து எங்களுடையது. அந்த வருஷம் ஷிப்ட் முடிந்து நான் ஓடி வருவதற்குள், கமிட்டியில் இருந்த லாரன்ஸ் வேறொருவனை அந்த இடத்தில் நிறுத்தித் தேரைக் கிளப்பிவிட்டான். நான் கோயில் வாசலில், மாதாவுக்கு முன்னாலேயே, வாய்க்கு வந்ததைப் பேசினேன். அவனும் பேசினான். அன்றிலிருந்து அவன் என் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. நானும் மிதிக்க விடவில்லை.

வாரா வாரம் பிலோமினா டிக்கெட்டை ஞாபகப்படுத்தினாள். வாரா வாரம் நான் எரிந்து விழுந்தேன்.

சனிக்கிழமை காலையில் வண்டி. அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை யார்டில் செல்வத்தைத் தேடினேன். அவனை மங்களூர் வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். போன் போட்டால், "மாமு, இப்ப டிக்கெட்டு செக்கிங் ஸ்குவாட் ரொம்ப பேஜாரு பண்றான். பொம்பள புள்ளய வேற வெச்சிக்கினு ரிஸ்க்கு எடுக்காத. டிக்கெட்டு போட்டுக்கோ" என்றான். ஏழு வாரம் கழித்துச் சொல்கிறான், டிக்கெட் போட்டுக்கொள் என்று! போனைத் தண்டவாளத்தில் அடிக்கலாமா என்று வந்தது. ஸ்டேஷனுக்கு ஓடினேன். வெயிட்டிங் லிஸ்ட் நூற்றைத் தாண்டிப் போயிருந்தது.

தட்கால் இருக்கிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காலை ஆறு மணிக்கே கவுன்ட்டரில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர். பதினோரு மணிக்குத் திறந்தார்கள். மூன்றாவது ஆளோடு கல்கத்தா வண்டி முடிந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அடுத்தவங்க வாங்க" என்றார். உங்கள் வண்டியைக் கழுவுகிறவன் நான்தான் சார் என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லோர் மேலும் பாய்ந்தேன். செல்வத்தைத் திட்டினேன், ரயில்வேயைத் திட்டினேன். கடைசியில் பிள்ளையைத் திட்டினேன். உனக்கு மெட்ராஸில் காலேஜே இல்லையா, கல்கத்தாவில்தான் போய்ப் படிக்கணுமா என்று கேட்டேன். ஜெனிட்டா துணி மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெனிக்கும் அந்த வண்டியத்தான கழுவுற நைனா? அதுல எனக்கு ஒரு எடம் புடிக்க முடியலியா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பகல் பன்னிரண்டரை மணி. கோயிலில் ஆள் இல்லை. கோயில்பிள்ளை மட்டும் பீடத்தின் ஓரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். நான் சிலுவைக்கு நேராகப் போய் நின்றேன். சிலுவை அடையாளம்கூடப் போடவில்லை. வாயில் வந்ததைக் கத்தினேன்.

"இன்னா ஆண்டவரே, உனக்குக் கண்ணு கீதா இல்லியா? கண்டவன் வாந்திய எல்லாம் இருவத்திரெண்டு வருசமா கழுவிக்கினு கீறேன். ஒரு நாளாவது உன்கிட்ட வந்து நின்னனா? இப்ப கேக்கறேன். எனக்குக் கேக்கல, என் பொண்ணுக்குக் கேக்கறேன். யாரையாவது அனுப்பு. போலீச அனுப்பு, பிச்சக்காரன அனுப்பு, எவன வேணா அனுப்பு. அந்த லாரன்ஸ மட்டும் அனுப்பாத. அவன் மூஞ்சில நான் முயிக்க மாட்டேன்!"

கோயில்பிள்ளை துடைப்பதை நிறுத்திவிட்டு, "யோவ் ஆரோக்கியம், சாமிக்குக் காது நல்லாதான் கேக்குது. இப்ப ரோட்டுக்கே கேக்குது, மெதுவா பேசு" என்றார். அவரையும் முறைத்தேன். பிறகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பிள்ளை ஏழு வாரமாக நோட்டில் எழுதி எழுதி வைத்த எல்லாவற்றையும் கெடுத்தது செல்வம் இல்லை, ரயில்வே இல்லை, நான்தான் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. "தப்பு என்துதான் ஆண்டவரே, புள்ளய தண்டிக்காத" என்று சொன்னேன். நான் உண்மையாக ஜெபித்தது அந்த ஒரு வரிதான்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வாசலில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் லாரன்ஸ்.

உள்ளே வரவில்லை. படிக்கு வெளியிலேயே நின்றான். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினான்.

"மூணு டிக்கெட்டு கீது. கொயந்த, நீ, நானு. மூணுமே கன்பார்ம். நாளைக்கிக் காலீல ஆறு மணிக்கு ரெடியா இரு."

"எப்போ போட்ட?"

"மே மாசம். லெட்டரு வந்த மறுநாளே பிலோமி சொன்னா. என் வண்டி என் வண்டின்னு சொல்லிக்கினு திரிவியே தவிர நீ போட மாட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

சகோதர சகோதரிகளே, எனக்கு அப்போது நன்றி வரவில்லை. வெறிதான் வந்தது. பிலோமினா பக்கம் திரும்பி, "ஏழு வாரமா என்னிய முட்டாளாக்கிக்கினு இருந்தியா?" என்று கத்தினேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படித் திருப்பிக் கத்தி நான் கேட்டதில்லை.

"நீயே போட்டுட்டா இத்த கேன்சல் பண்ணிடலாம்னு எங்கண்ணன் சொல்லிச்சு. வாரா வாரம் கேட்டனா இல்லியா? முன்னாடியே சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? கியிச்சிப் போட்டிருப்ப! ஒரு கட்டைய தூக்குறதுக்காக மூணு வருசம் என் கூடப்பொறந்தவன் இந்த வூட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்கல!"

கிழித்துத்தான் போட்டிருப்பேன்.

"நான் ஒண்ணும் உனக்காக வர்ல. நீ வர்லன்னா புள்ள சீட்டு பூடும். அத்த நெனச்சிக்கோ" என்றான் லாரன்ஸ். அவன் கண்ணிலும் கோபம்தான் இருந்தது.

ஜெனிட்டா எங்கள் நடுவில் வந்து நின்றாள். "நைனா, மாமா, உங்க சண்டைய ரயில்ல வெச்சிக்கோங்க. நான் திங்கக்கெயம பத்து மணிக்கு அங்க நிக்கணும்" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். நான் கோயிலில் போய்க் கத்தியது வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆண்டவர் மே மாதமே டிக்கெட் எடுத்து வைத்துவிட்டார். நான் எவனை அனுப்பாதே என்று பெயர் சொல்லிக் கேட்டேனோ, அவன் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். இதைப் புரிந்துகொண்டபோதும் எனக்கு ஆண்டவர் மேல் கோபம்தான் வந்தது. என்னை மடக்கிவிட்டாரே என்று.

மறுநாள் காலை கிளம்பினோம். ஒரு நாளுக்கு மேல் அவன் முகத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்து போக வேண்டும். விஜயவாடா தாண்டும்வரை நான் வாய் திறக்கவில்லை. அவன் டீ வாங்கி நீட்டினான், நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்த டீயை ஜெனிட்டா குடித்தாள். அப்புறம் அவனே ஆரம்பித்தான்.

"தேரு அன்னிக்கி மழ வர்ற மாரி இருந்துச்சி மாப்ள. உனக்கு நாலு தபா போன் பண்ணேன். நீ எடுக்கல."

"பொட்டில தண்ணி புடிச்சிக்கினு இருந்தேன்."

"அது எனக்கு எப்டி தெரியும்?"

"வந்து பாத்திருக்கணும்."

"பாத்திருக்கணும்தான்" என்றான். அடுத்த டீயை அவன் நீட்டியபோது நான் வாங்கிக்கொண்டேன்.

கல்கத்தாவில் இறங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. அவ்வளவு கூட்டத்தை நான் எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. போர்டைப் படிக்கத் தெரியவில்லை, ஒருவன் பேச்சும் புரியவில்லை. லாரன்ஸ் டாக்ஸிக்காரனோடு பெங்காலியில் சண்டை போட்டு எங்களை ஏற்றினான். துறைமுகத்துப் பக்கம் அவனுடைய பழைய சிநேகிதர் வீட்டில் தங்க வைத்தான். கோயில் கோயிலாகக் கடிதத்தைக் காட்டிக்கொண்டு நான் அந்தப் பிள்ளையை எங்கே அலைக்கழித்திருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே கல்லூரி வாசலில் நின்றோம். கண் பரிசோதனையில் ஜெனிட்டா தேறினாள். விடுதியைக் காட்டினார்கள். நான் முதலில் கக்கூஸைத்தான் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. குழாய் ஒன்றுகூட ஒழுகவில்லை. அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

கடைசியாக ஒரு படிவம் கொடுத்தார்கள். ஜெனிட்டா நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். அவளுக்கு ஏதாவது ஆபத்து என்றால், அப்பா அம்மா இரண்டு பேரும் கிடைக்கவில்லை என்றால், யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டிருந்தது. பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். லாரன்ஸ் சட்டென்று எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே நடந்தார்.

"உங்க மாமா பேர எழுது" என்றேன். "போன் நம்பர ஒயுங்கா எழுது. நாலு தபா போன் அடிக்கிற ஆளு அவருதான்."

இடம் கிடைத்தது. என் மகள் அங்கே படித்துக்கொண்டிருக்கிறாள். ஆண்டவருக்கு நன்றி. எனக்குத் தகுதி இருந்ததால் அவர் செய்யவில்லை, நான் கேட்ட மாதிரியும் செய்யவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது, அவனைத் தவிர வேறு யாரையாவது அனுப்பு என்று இப்போது ஜெபித்துக்கொண்டிருந்தால், அந்த "தவிர"வை மட்டும் எடுத்துவிடுங்கள். கோபத்தோடு போனாலும் பரவாயில்லை, போய்க் கேளுங்கள். கத்தினாலும் அவர் எழுந்து போய்விட மாட்டார். நான் கத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் கோபம் எல்லாம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லாரன்ஸ் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். மீன் குழம்பில் புளி ஜாஸ்தி என்று வாரா வாரம் குறை சொல்கிறார். எனக்கு எரிச்சலாகத்தான் வருகிறது. அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைக்கிறேன்.