கயிற்றில் காய்ந்த முகம்

என் கையெழுத்து கோழி கிளறின மண் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பது இன்னும் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

என் அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். அத்தான் இறந்த பிறகு தனியாள். இடி விழுந்து அவள் டீவி போனதிலிருந்து ஏழு மணி நாடகத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். அவளும் என் மனைவியும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் நாடகத்தைவிட அவர்கள் இரண்டு பேரைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். கதாநாயகி அழுதால் இவர்களும் அழுவார்கள். உலகத்தில் இல்லாத ஒருத்திக்காக உண்மையான கண்ணீர் எப்படி வருகிறது? எனக்கு அது விளங்கியதே இல்லை.

ஒரு நாள் அந்த நாடகத்தில் கதாநாயகியின் மாத்திரைகளை அவள் நாத்தனார் ஒளித்து வைத்துவிட்டாள். என் மனைவி டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நாத்தனான்னாலே இப்படித்தான்” என்றாள்.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். வாசலில் நின்று திரும்பி, “நான் எந்த மாத்திரைய ஒளிச்சு வச்சேன்?” என்று கேட்டாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். டீவியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் வரவில்லை. பீலியில் ஒருத்தி தண்ணீர் பிடித்தால் மற்றவள் தூரத்தில் காத்திருப்பாள். ஏழு மணிக்கு நாடகத்துப் பாட்டு தொடங்கும்போது நான் வெளியே எட்டிப் பார்ப்பேன். அக்கா தன் வீட்டு வாசல் இஸ்தோப்பில் சுளகோடு உட்கார்ந்து, ஏற்கனவே புடைத்த அரிசியையே மறுபடி புடைத்துக்கொண்டிருப்பாள். காது இந்தப் பக்கம்தான் இருக்கும்.

பதுளைக்கு ஒரு வேலையாகப் போனபோது துணிக்கடையில் அந்தப் போர்வையைப் பார்த்தேன். கதாநாயகியின் முகம் ஆள் உயரத்துக்கு அச்சடித்திருந்தது. கைகூப்பிச் சிரிக்கிறாள், சுற்றிலும் ரோஜாப்பூக் கரை. பஞ்சு மாதிரித் துணியில் முகத்தை எப்படி ஏற்றுகிறார்கள்? கையால் மேலே தடவினால் சிரிப்பு வெளுத்தது. கீழே தடவினால் முகம் கறுத்துச் சோகமானது. நான் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டே நின்றேன்.

“நாடகம் பாக்குற வீட்டுக்கு இதுதான் இப்ப நல்லா போகுது” என்றார் கடைக்கார நானா. “தடவித் தடவித் தேச்சுறாதீங்க. யாருக்கு, வீட்ல அவங்களுக்கா?”

அக்காவுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. “ஆமாங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். பார்சலைப் பிரித்த மனைவி, “எனக்கா? கல்யாணம் கட்டி இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் புத்தி வந்துச்சா?” என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எதைச் சொல்ல?

அந்த வாரம் அவளுக்கு இடுப்பு வலி. பதுளை ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துவிட்டு மூன்று நாளாகக் கொழுந்து எடுக்கப் போகவில்லை. புதுத் துணியில் சாய வாடை என்று போர்வையை அலசி, வாசல் கயிற்றில் விரித்துப் போட்டாள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை முடிந்து நான் மதியமே வந்துவிட்டேன். மூடுபனி இறங்கியிருந்தது.

எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் முதல் வேலையாக டவுனுக்கு ஓடி, செத்தவரின் படத்தைப் பெரிதாகப் பெனர் அடித்து வந்து வாசலில் கட்டுவார்கள். படத்தைச் சுற்றிப் பூ போட்டிருக்கும். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா குனிந்து பார்த்திருக்கிறாள். தம்பி வீட்டு வாசலில் பொட்டு வைத்த ஒரு பெண் முகம், சுற்றிலும் பூ. மூன்று நாளாக வேலைக்கு வராத தம்பி பெண்டாட்டியைத் தவிர வேறு யாரை நினைப்பாள்?

நான் பார்க்கும்போது அவள் குறுக்குப் பாதையில் சறுக்கிக்கொண்டே ஓடி வந்தாள். கொழுந்துப் பை எங்கேயோ விழுந்துவிட்டது. ஒரு காலில் செருப்பு இல்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. நாடகத்தில் யாரும் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

போர்வைக்குப் பின்னாலிருந்து என் மனைவி வாளியோடு வெளியே வந்தாள். “என்ன மதினி?”

அக்கா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் கயிற்றில் இருப்பது யார் முகம் என்று பார்த்தாள். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

“பெனர்னு நெனச்சேன் புள்ள. ஒனக்குத்தான் கட்டியிருக்காங்கன்னு...”

மனைவி வாளியைக் கீழே வைத்தாள். அக்காவின் கால் சேற்றைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

மூச்சு வந்ததும் அக்கா போர்வையைக் காட்டி, “அப்ப இவதான் செத்துட்டாளா?” என்று கேட்டாள்.

“இல்ல மதினி, ஜெயிலுக்குப் போயிட்டா.”

“ஐயோ! யாரு மாட்டிவிட்டது?”

“வேற யாரு, அந்த நாத்...” மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“சொல்லு, நாத்தனாதான? அவள நானே செருப்பால அடிப்பேன். மொதல்ல என் செருப்பத் தேடு.”

அன்று ஏழு மணிக்கு அக்கா வந்தாள். போர்வை இன்னும் ஈரம் காயவில்லை. இருந்தாலும் இரண்டு பேர் மடியிலும் ஒரே போர்வைதான். “மூஞ்சி மேல கால வைக்காத புள்ள” என்று அக்கா அதைத் திருப்பிப் போட்டாள். விளம்பரம் வந்தபோது, “இது யாருக்குடா தம்பி வாங்குன?” என்று கேட்டாள். மனைவியும் திரும்பிப் பார்த்தாள்.

“குளிருக்கு” என்றேன்.

இதை எழுதி முடித்தது ஐப்பசி மாதம், இரண்டாம் ஞாயிறு.