என்னை மன்னிச்சாராம்

அந்தப் படத்தை நெனைச்சா எனக்கு இன்னிக்கும் பத்திகினு வருது. எங்கம்மா சின்னப் பொண்ணா இருக்கறப்ப வந்த பேசும் படம். நெய்வேலியில எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கெடச்ச புதுசு. அறுபதுகளோட ஆரம்பம். பிளாக் மைதானத்துல திரை கட்டி அந்தப் பழைய படத்தை ஓசியில காட்டினாங்க.

பேச்சு கொஞ்சம், பாட்டு மூட்டை மூட்டையா இருந்துச்சு. புருஷன் வெளியூர் போயிட்டு வர்றான். வாசல்ல வேற ஆம்பிளை செருப்பு. யாருதுன்னு ஒரு வார்த்தை கேக்கணுமே! கேக்கல. கட்டினவளைக் கழுத்தைப் புடிச்சு வெளிய தள்றான். அவளும் வாயைத் தொறக்காம, மழையில நனைஞ்சிகினு ஊர் ஊராப் பாடிகினு திரியறா. கடைசியில பாத்தா வந்தவன் அவ கூடப்பொறந்த அண்ணன். உடனே புருஷன், உன்னை மன்னித்தேன்ங்கறான். இவ கால்ல வுழறா.

“எதுக்குடா மன்னிப்பு? அவ என்ன பண்ணா?”ன்னு நான் கத்திட்டேன். சுத்தி உக்காந்து மூக்கைச் சிந்திகினு இருந்த பொம்பளைங்க எல்லாம் என்னை மொறைச்சாங்க. எங்க வூட்டுக்காரர் தொடையில கிள்ளினாரு. வூடு வர்ற வரைக்கும், “என்னா பொறுமை! அவதான் பொம்பளை”ன்னு அவருக்கு அதே பேச்சு.

அடுத்த வாரமே எனக்கு வந்துச்சு வினை.

எங்க குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு. அதே ஜன்னல், அதே கதவு, நம்பர் கூட பிளாக்குக்குப் பிளாக் ஒண்ணேதான். புதுசா வந்தவங்க ஒரு தடவையாவது அடுத்தவங்க வூட்டுல பூந்துடுவாங்க. எங்க வூட்டுக்காரரே ஒருநாள் பக்கத்து பிளாக்குல பூந்து, பானையில தண்ணி மொண்டு குடிச்சிட்டுத்தான் அசடு வழிஞ்சிகினு வந்தாரு. அன்னிக்குத் தெருவே சிரிச்சுது.

காலை ஷிப்ட் முடிஞ்சி, மத்தியானம் ஒரு புது ஆளு வந்தான். நான் பின்னாடி துணி தொவைச்சிகினு இருந்தேன். அவன் பாட்டுக்கு வாசல்ல பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வந்து கட்டில்ல சாஞ்சிட்டான். உள்ள வந்து பாத்து நான் போட்ட கூச்சல்ல, “ஐயோ யக்கா, வூடு மாறிப்போச்சுங்க!”ன்னு வெறுங்காலோட ஓடினான். எனக்குச் சிரிப்பு தாங்கல.

அஞ்சு மணிக்கு இவரு வந்தாரு. வாசல்ல அந்தப் பூட்ஸ்.

“யாருது?”

சிரிச்சிகினே சொன்னேன். அவரு சிரிக்கல. திரும்பத் திரும்பக் கேட்டாரு. எவ்வளவு நேரம் இருந்தான், கதவு சாத்தியிருந்துச்சா, முன்னமே தெரியுமான்னு. எனக்கு உச்சி வரைக்கும் ஏறிச்சு. “நீங்க பூந்தீங்களே, அந்த வூட்டுக்காரிய யாராவது இப்படிக் கேட்டாங்களா?”ன்னேன்.

“குத்தம் இல்லாதவ எதுக்குடி இப்படிக் கத்தணும்? படத்துல பாத்தியே, அவ கத்தினாளா? பொட்டியக் கட்டு. உங்கம்மா வூட்டுக்குக் கெளம்பு.”

அட கண்ராவியே! வாய் பேசினதே குத்தத்துக்குச் சாட்சியாம். ஒண்ணாங்கிளாஸ் படிக்கற எங்க மக கதவோரம் நின்னு முழிச்சிகினு இருந்தா. ஏழு வருஷம் குடும்பம் பண்ணவளை வூட்டை வுட்டுப் போகச் சொல்றாரு.

அந்த நேரம் பாத்து அந்த ஆளு பொஞ்சாதியைக் கூட்டிகினு பூட்ஸை எடுக்க வந்து நின்னான். “தப்பா நெனைக்காதீங்கண்ணே, வூடு மாறிட்டேன்.”

ஒரு நிமிஷம் கூட ஆகல. “அட, நானும் ஒருநாள் பூந்தவன்தாம்பா!”ன்னு அவன் தோள்ல தட்டிச் சிரிக்கறாரு! எனக்கு, “காபி போடு”ன்னு உத்தரவு. அவங்க குடிச்சிட்டுப் போனதும், பெரிய மனசு பண்ணி, “சரி, வுடு. உன்னை மன்னிச்சிட்டேன்”னாரு.

“ஏழு வருஷம் கூட இருந்தவ சொன்னா பொய்யி, எவனோ ஒருத்தன் சொன்னா சத்தியமா? நீங்க யாருய்யா என்னை மன்னிக்க?” அடுத்த வூடு வரைக்கும் கேக்கறாப்ல கத்தினேன். அவரு கட்டச் சொன்ன பொட்டிய நானே கட்டி, மகளைக் கூட்டிகினு நெல்லிக்குப்பம் பஸ் ஏறிட்டேன்.

மூணு மாசம் கழிச்சி வந்தாரு. எங்கம்மாகிட்ட, “தப்பு என்மேலதாங்க”ன்னாரு. எங்க அண்ணன்கிட்டயும் சொன்னாரு. என்கிட்ட மட்டும் சொல்லல. நானே நேராக் கேட்டேன்: “அன்னிக்கு நான் சொன்னதை நம்பியிருக்கணுமா இல்லையா?”

சட்டைப் பொத்தானைத் திருகிகினே, “பஸ்ஸுக்கு நேரமாச்சு”ன்னாரு.

பொண்ணோட படிப்பு கெட்டுப்போவுதேன்னுதான் அந்த பஸ்ல ஏறினேன். அவரை நம்பி ஏறல.