பிளாஸ்டிக் மரத்துக்கு ஒரு வாக்கு

வடதேசத்து நகரமொன்றின் மேட்டுப்பகுதியான அம்மருட்டிலிருந்து, பனி மூடிய சரிவில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். கிடைத்த வேலையை அப்போதுதான் விட்டுவிட்டு வந்திருந்தேன். வெள்ளிக்கிழமைக்குள் வேலை எடுக்காவிட்டால் அறையைக் காலிசெய் என்று பக்கத்து ஹவுகன்ஸ்டுவாவில் எனக்கு இடம் தந்திருந்த மச்சான் சொல்லியிருந்தான். தடையாக நின்றது மணிக்கட்டில் கிடந்த ஒரு சிவப்பு வெள்ளை நூல்.

"கோப்பை கழுவுற இடத்திலை கையிலை ஒண்டும் கிடக்கக்கூடாது, கழட்டும்," என்றார் அம்மருட்டில் வேலை தந்த சாப்பாட்டுக்கடைக்காரர். யாழ்ப்பாணத்தார்.

"ஏலாது அண்ணை."

"கோயில் நூலோ?"

"இல்லை, பல்கேரியா நூல். பூத்த மரத்தைக் கண்டாப் பிறகுதான் கழட்டலாம்."

"இஞ்சை மே மாசம்தான் பூக்கும். அதுவரைக்கும் கோப்பையை ஆர் கழுவுறது, பல்கேரியாக்காரனோ?"

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பக்தி அதற்கும் முன்பே போய்விட்டது. ஆனால் இந்த நூலில் ஒரு வழக்கு இருந்தது.

குவைத்தில் நான் மருத்துவமனை வேன் ஓட்டினேன். அதில் ஏறிய பத்துப் பேர்தான் அந்தப் பகுதியின் மொத்தப் பல்கேரியர்: எட்டுத் தாதிகள், இரண்டு மின்சாரக்காரர். மார்ச் முதல் நாள் ஒருவருக்கொருவர் நூல் கட்டுவார்கள். எனக்கும் கட்டினார்கள். நாரையையோ பூத்த மரத்தையோ கண்டபின் கழற்றிக் கிளையில் கட்டவேண்டும். பாலைவனத்தில் இரண்டும் இல்லை. ஒரு வருடம் கடைத்தொகுதி வாசலில் பிளாஸ்டிக் செரிமரம் வைத்தார்கள். அது செல்லுமா என்று வேனுக்குள் சண்டை. கைதூக்கிப் பார்த்தார்கள். ஐந்துக்கு ஐந்து.

தலைமைத் தாதி என் பக்கம் திரும்பி, தன் உடைந்த அரபியில், "நீயும் கட்டியிருக்கிறாய், சொல்லு," என்றாள்.

அன்று காலை என்னை ஒரு மணிநேரம் வெயிலில் காக்கவைத்திருந்தார்கள். செல்லாது என்றேன். விடுமுறைக்கு ஊர் போகும்வரை பத்துப் பேரும் நூலோடு வியர்த்தார்கள். நானும்தான்.

அந்தத் தாதி இன்னும் அங்கேதான். என் விலாசம் எத்தனை தடவை மாறினாலும் வருடம் தவறாமல் நூல் அனுப்புகிறாள். அதை வெறுமனே அறுத்து எறிய மனம் வரவில்லை.

சரிவின் அடியில் ஒரு தளபாடக் கடை. உள்ளே சோபாவுக்குப் பக்கத்தில் பூத்துக் குலுங்கியது ஒரு பிளாஸ்டிக் செரிமரம். உள்ளே போய், என்னிடமே வாக்குக் கேட்டேன். ஏகமனதாகச் செல்லும் என்று முடிவானது. நூலைக் கிளையில் கட்டிப் படமெடுத்து, வேலைக்காக என்று எழுதிக் குவைத்துத் தாதிக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது: "துரோகி. வேலை கிடைத்ததா?"

மறுநாள் காலை அம்மருட் கடையில் நின்றேன். கடைக்காரர் என் வெறும் கையைப் பார்த்தார்.

"பூத்திட்டுதோ?"

"ஓம் அண்ணை."

அவர் வெளியே கொட்டும் பனியைப் பார்த்தார். பிறகு ஏப்ரனைத் தந்து, அடிப்பிடித்த கறிச்சட்டிகளைக் காட்டினார்.